இறக்குமதி செய்தவரே தயாரிப்பாளர்

இரண்டு சக்கரங்களின் மேல் ஒரு தகரப் பெட்டி. உள்ளே அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்பெட்டி. பக்கவாட்டில் மேலே தூக்கி நிறுத்தும் ஜன்னல். எஞ்சின் கிடையாது, ஓட்டுநர் இருக்கை கிடையாது. ஆனாலும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி அது ஒரு மோட்டார் வாகனம். எஞ்சின் விசையால் ஓடுவதும், அவ்விசையால் இழுக்கப்படுவதும் பொதுச்சாலைக்கென்று செய்யப்பட்டிருந்தால் மோட்டார் வாகனமே என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. சீனாவிலிருந்து உணவு ட்ரெய்லரை வரவழைப்பவர்களில் பலர் இந்த வரையறையை முதன்முதலாகக் கேள்விப்படுவது, வண்டி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

செங்சோ, சிங்தாவ் போன்ற சீன நகரங்களின் தொழிற்கூடங்கள் இந்த ட்ரெய்லர்களை உலகம் முழுக்க அனுப்புகின்றன. இணையச் சந்தையில் விலை சில ஆயிரம் டாலர். அதே அளவு வண்டியை அமெரிக்கப் பட்டறையொன்றில் கட்டச் சொன்னால் பல மடங்கு ஆகும். வேலை போனவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள், சேமிப்பை எடுத்துச் சின்னதாக ஒரு தொழில் தொடங்க நினைக்கும் கணவன் மனைவி, இவர்களெல்லாம் அந்த விலையைப் பார்த்துத்தான் முன்பணம் அனுப்புகிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி போய், நான்கைந்து வண்டிகளை வரவழைத்து உள்ளூரில் விற்கத் தொடங்குகிறார்கள். சட்டப்படி பெரிய சுமை விழுவது இந்த இரண்டாவது வகையினர் மீது. 1966ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘தயாரிப்பாளர்’ என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தில், விற்பதற்காக இறக்குமதி செய்பவரும் அடக்கம். வெல்டிங் டார்ச்சைக் கையால் தொடாதவரும் சட்டத்தின் கண்ணில் அந்த வண்டியைச் செய்தவர்தான்.

இதன் பொருள் மிகப் பெரியது. வண்டியின் அச்சிலோ விளக்கிலோ பாதுகாப்புக் குறைபாடு இருப்பது உறுதியானால் ஐந்து வேலை நாட்களுக்குள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கிய ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத வேண்டும். இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டும். இந்த இலவசப் பொறுப்பின் காலத்தை 2015இல் வந்த ஒரு சட்டம் பத்தாண்டிலிருந்து பதினைந்தாண்டாக நீட்டியது. விதிமீறலுக்கான அபராதம் ஒரு வண்டிக்கு 27,000 டாலருக்கு மேல் போகலாம். பல வண்டிகளின் மொத்த விலையே அதில் பாதி இராது. சீனத் தொழிற்கூடம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாலும் உள்ளூர் இறக்குமதியாளர் சட்டத்தின் பிடியில்தான் இருப்பார்.

அமெரிக்க முறையின் அடிப்படையைப் புரிந்துகொண்டால்தான் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு தாமதமாக வெளிப்படுகிறது என்பது விளங்கும். ஐரோப்பாவில் ஒரு வாகன மாதிரியை அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்பு முதலில் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே விற்பனை. அமெரிக்காவில் அப்படி முன்ஒப்புதல் கிடையாது. தயாரிப்பாளரே தன் வண்டி எல்லாத் தரங்களுக்கும் இசைந்திருக்கிறது என்று எழுதிக்கொடுக்கிறார். அரசு அதை ஏற்றுக்கொள்கிறது. பிறகு கடையிலிருந்து ஒரு வண்டியை வாங்கிச் சோதிக்கும், புகார் வந்தால் விசாரிக்கும், பொய்யென்றால் தண்டிக்கும். போர்டு, டொயோட்டா போன்ற நிறுவனங்களிடம் சோதனைக்கூடமும் சட்டப்பிரிவும் இருப்பதால் இந்த ஏற்பாடு அவர்களிடம் செல்லுபடியாகிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு தொழிற்கூடமும் அதிலிருந்து வண்டி வாங்கும் ஒரு குடும்பமும் இருக்கும் இடத்தில் அதே ஏற்பாடு ஆபத்தாக மாறுகிறது. எழுதிக்கொடுத்தது உண்மையா என்று கேட்க, பணம் கைமாறும் வரை நடுவில் யாரும் இல்லை.

எழுதிக்கொடுப்பது எங்கே? வண்டியிலேயே ஒட்டப்பட வேண்டிய ஒரு சிறு தகட்டில். ட்ரெய்லராக இருந்தால் அதன் இடமும் விதியில் இருக்கிறது: இடது பக்கத்தின் முன்பாதியில், எந்தக் கதவையும் மூடியையும் நகர்த்தாமல் வெளியே நின்றபடி படிக்கக்கூடிய இடத்தில். தயாரிப்பாளரின் பெயர், தயாரித்த மாதமும் ஆண்டும், முழுச் சுமையுடன் வண்டி தாங்கும் மொத்த எடை, ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடை, வாகன அடையாள எண், வாகன வகை, கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களுக்கு இசைந்திருக்கிறது என்ற வாக்கியம் ஆகிய அனைத்தும் அதில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் எச்.எஸ்.-7 படிவம் கேட்பது இந்தத் தகட்டைத்தான். தகடு இல்லாத புது வண்டிக்கு எஞ்சியிருப்பது, பதிவுபெற்ற இறக்குமதியாளர் ஒருவர் வழியாக, வண்டி மதிப்பில் ஒன்றரை மடங்கு பிணைப்பத்திரம் கொடுத்து, அரசின் தகுதித் தீர்மானமும் பெற்று, தரத்துக்கு மாற்றியமைக்கும் வழி. விலையுயர்ந்த கார்களுக்குக் கட்டுப்படியாகும் அந்தச் செலவு, சில ஆயிரம் டாலர் ட்ரெய்லருக்கு எந்த வகையிலும் ஒத்துவராது. உரிமையாளரே உள்ளூரில் விளக்கு வாங்கி மாட்டி, தகடு அடித்து ஒட்டிவிட முடியாது. தகடு என்பது செய்தவரின் உறுதிமொழி.

அடையாள எண்ணிலும் போலித்தனம் அதிகம் எடுபடாது. பதினேழு இடங்கள், எண்ணோடு குழம்பிவிடும் என்பதால் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. சீனத் தயாரிப்பு என்றால் எண் ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கும். முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைச் சுட்டும், பத்தாவது இடம் ஆண்டைச் சொல்லும். ஒன்பதாவது இடம்தான் காவல்காரன். மற்ற எழுத்துகளையெல்லாம் எண்களாக மாற்றி, இடத்துக்கேற்ற மதிப்பால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அங்கே நிற்க வேண்டும். மீதி பத்தென்றால் ‘எக்ஸ்’. கற்பனையாக அடித்த எண் பெரும்பாலும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். தயாரிப்பாளர் தன் விவரங்களை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் பதிய வேண்டும், அமெரிக்காவில் சட்ட அறிவிப்புகளைப் பெற ஒரு முகவரை நியமிக்க வேண்டும் என்பவையும் கட்டாய விதிகள். அடையாள எண்ணைத் தட்டிப் பார்க்கும் இலவச வசதியை நிர்வாகம் தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைச் செய்துபார்த்தவர்கள் பலர் தப்பித்திருப்பார்கள்.

தரங்கள் என்று சொல்லப்படுபவை ட்ரெய்லரைப் பொறுத்தவரை எண்ணிக்கையில் குறைவு. விளக்கு, பிரதிபலிப்பான், டயர், சக்கர விளிம்பு, பிரேக் இருந்தால் அதன் குழாய், இவ்வளவுதான். ஆனால் அளவு மாறினால் விதியும் மாறும். 80 அங்குலம், அதாவது 203 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் என்றால் மேல் விளிம்பில் கூடுதல் விளக்குகள் வேண்டும். மொத்த எடை 4,536 கிலோவைத் தொட்டால் பின்னால் மோதும் கார் அடியில் புகுந்துவிடாதபடி தடுப்புக் கம்பி வேண்டும். டயரின் பக்கவாட்டில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். இவையெல்லாம் கடினமானவை அல்ல. அக்கறையுள்ள தொழிற்கூடம் எளிதில் செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எஞ்சின் உள்ள உணவு வண்டியை ஏன் யாரும் இப்படி வரவழைப்பதில்லை என்ற கேள்விக்கு விடை கோழிக்கறியில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழிக்கு வரியை உயர்த்தின. பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு சரக்கு வண்டிகள் ஆகியவற்றின் மீது 25 சதவீத வரி விதித்தார். 1964 ஜனவரியில் அமலுக்கு வந்த அந்த வரியில் சரக்கு வண்டிக்கானது மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைத் தவிர்க்க மெர்சிடிஸ் நிறுவனம் ஜெர்மனியில் முழுதாகக் கட்டிய ஸ்பிரிண்டர் வேன்களைப் பிரித்துக் கப்பலேற்றி, தென் கரோலினாவில் மறுபடி பூட்டியது. போர்டு நிறுவனம் தன் டிரான்ஸிட் கனெக்ட் வேன்களில் பின்னிருக்கைகளைப் பொருத்திப் பயணி வாகனம் என்று கொண்டுவந்தது. சுங்கம் முடிந்ததும் இருக்கைகளைக் கழற்றியது. நெடுங்கால வழக்குக்குப் பிறகு 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்து அது சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. கார் நிறுவனங்களே தடுக்கி விழுந்த இடத்தில் சிறு வணிகர் நிற்க முடியாது.

பாதுகாப்புத் தரங்களைப் பொறுத்தவரை ஒரு பக்கவழி உண்டு. 25 ஆண்டு கடந்த வாகனத்துக்குக் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்கள் பொருந்தா. 1947 முதல் 1981 வரை பிரான்ஸில் தயாரான சிட்ரோயன் எச் வேன்கள் காப்பி வண்டிகளாக அமெரிக்கச் சந்தைகளில் நிற்பது இந்த விலக்கால்தான். ஜப்பானின் குட்டி ‘கேய்’ டிரக்குகளும் இதே வாசல் வழியாக வருகின்றன. ஆனால் கூட்டாட்சி அனுமதித்தாலும் பதிவெண் தருவது மாநிலம். ஜார்ஜியா உள்ளிட்ட சில மாநிலங்கள் கேய் டிரக்குகளைப் பதிவுசெய்ய மறுத்தன. டெக்சாஸ் மறுத்துவிட்டு, உரிமையாளர்கள் போராடியதால் 2024இல் மனம் மாறியது.

இவ்வளவும் வண்டியின் பாதி. மறுபாதி சமையலறை. அதை ஆள்வது வேறு அலுவலகங்கள். அவற்றுக்கு அந்தத் தகட்டைப் பற்றிக் கவலையே இல்லை.

உணவு மருந்து நிர்வாகம் வெளியிடும் உணவு விதித்தொகுப்பு ஒரு மாதிரி ஆவணம் மட்டுமே. மாநிலங்கள் அதை எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. மாவட்டச் சுகாதாரத் துறைகள் அமல்படுத்துகின்றன. ஓர் எடுத்துக்காட்டு போதும். கழிவுநீர்த் தொட்டி நன்னீர்த் தொட்டியைவிட 15 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறது மாதிரி விதி. கலிபோர்னியாவின் சட்டம் 50 சதவீதம் என்கிறது. ஒரு மாநிலத்துக்காகச் செய்த ட்ரெய்லர் இன்னொரு மாநிலத்தில் ஆய்வில் தோற்பது இப்படித்தான். உள்ளே ஆள் நின்று சமைக்கும் வண்டிக்குக் கலிபோர்னியாவில் மாநில வீட்டுவசதித் துறையின் முத்திரையும் தேவைப்படுகிறது. சமையலறையின் வரைபடத்தை வண்டி கட்டுவதற்கு முன்பே சுகாதாரத் துறையிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது அங்கே பொது நடைமுறை. இறக்குமதி வண்டியோ கட்டி முடித்துக் கடல் கடந்து வந்து நிற்கிறது. வரைபடம் இனிமேல்தான் வரையப்பட வேண்டும்.

அளவுகளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கலிபோர்னியா விதிப்படி ஆள் நடமாடும் பாதையில் உள்உயரம் குறைந்தது 74 அங்குலம், அதாவது 188 சென்டிமீட்டர். பாதையின் அகலம் 30 அங்குலம். பாத்திரம் கழுவ மூன்று தொட்டிகள். வழக்கமான அளவு 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 10 அங்குல ஆழம், இருபுறமும் நீர் வடியும் பலகை. கை கழுவத் தனித் தொட்டி, வெந்நீர். இப்போது இன்னொரு கணக்கு. நாற்பது அடி நீளமுள்ள, உயரம் கூடிய வகைக் கண்டெய்னரின் கதவு சுமார் 258 சென்டிமீட்டர் உயரம், 234 சென்டிமீட்டர் அகலம். ட்ரெய்லர் அதற்குள் நுழைந்தால்தான் கப்பல் செலவு மலிவு. சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் கூரைக்கும் உரிய உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 188ஐ ஒட்டித்தான் இருக்கும்; சில விரற்கடை குறைந்தாலும் வண்டி ஆய்வில் தேறாது. அகலத்திலும் அதே நெருக்கடி: ஒரு பக்கம் அடுப்பு வரிசை, மறுபக்கம் மூன்று தொட்டி, நடுவில் 30 அங்குலம். மலிவு ட்ரெய்லர்களில் தொட்டிகள் கைப்பிடி அளவுக்குச் சிறுத்துப் போவதன் காரணம் இங்கே இருக்கிறது. அந்த வண்டியின் அளவைத் தீர்மானித்தது சமையல்காரரின் உயரமோ சுகாதார விதியோ இல்லை, கண்டெய்னரின் வாசல்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் இன்னும் மோசமானவை. எரிவாயுக் குழாய் இணைப்புகளில் பிரிட்டிஷ் மரபு மரை ஒன்று, அமெரிக்க மரை ஒன்று. சீனத் தயாரிப்புகளில் பெரும்பாலும் முதல்வகைதான் வரும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு சுற்று. அதனால் ஒன்றில் இன்னொன்று ஏறும், இறுகுவது போலவே தோன்றும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. உண்மையில் அது சீலாவதில்லை. அசையாத கட்டடத்தில் இருந்தாலே கசியக்கூடிய இணைப்பு, நாள்தோறும் குண்டுகுழிச் சாலையில் குலுங்குகிறது. மின்சாரத்திலும் இதே கதை: சீனாவில் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிளக்கை மாற்றினால் போதும் என்று விற்பவர் சொல்வார். அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரி தேடுவது யூ.எல்., இன்டர்டெக் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பின் முத்திரையை. விளம்பரங்களில் பெருமையாகக் காட்டப்படும் ‘சி.ஈ.’ குறி ஐரோப்பாவுக்கானது. பல பொருட்களில் அது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. அமெரிக்க ஆய்வாளர் முன்னால் அதற்கு மதிப்பு ஏதும் இல்லை. ஜெனரேட்டரும் சேர்ந்து வந்தால் அதன் எஞ்சினுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று தனியாக வேண்டும்.

இவை காகிதத் தொல்லைகள் என்று நினைப்பவர்கள் பிலடெல்பியாவில் நடந்ததை அறிய வேண்டும். 2014 ஜூலை 1 அன்று மாலை அந்நகரத் தெருவொன்றில் நின்றிருந்த உணவு வண்டியின் புரோப்பேன் சிலிண்டர் வெடித்தது. வண்டியை நடத்திய தாயும் பதின்வயது மகளும் தீக்காயங்களால் இறந்தார்கள். தெருவில் போனவர்களும் காயமடைந்தார்கள். அது இறக்குமதி வண்டி அல்ல. சிலிண்டரின் தகுதியும் அதை நிரப்பிய முறையும்தான் வழக்கின் மையம். ஆனால் நடமாடும் சமையலறைக்குக் கட்டடச் சமையலறையின் தீவிதிகள் பொருந்துமா என்ற கேள்வியை அந்த விபத்துக்குப் பின் யாரும் தள்ளிப்போடவில்லை. 2018ஆம் ஆண்டின் சர்வதேசத் தீ விதித்தொகுப்பில் நடமாடும் உணவு வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது. சமையலுக்காக வண்டியில் வைக்கும் எரிவாயு மொத்தம் 200 பவுண்டைத் தாண்டக் கூடாது. கசிவை உணரும் அலாரம் வேண்டும். எண்ணெய்ப் புகை எழும் அடுப்புக்கு மேல் புகைக்கூண்டும் தானியங்கித் தீயணைப்புக் கருவியும் வேண்டும். பளபளக்கும் எஃகில் வளைத்த புகைக்கூண்டு ஒன்று இறக்குமதி ட்ரெய்லரில் இருக்கும். ஆனால் சோதனை முத்திரையுள்ள கூண்டும், யூ.எல். 300 தரத்திலான தீயணைப்பு அமைப்பும் பொருத்த உள்ளூரில் ஆகும் செலவு சில நேரம் வண்டி விலையையே நெருங்கிவிடும்.

வாங்கியவருக்கு அடுத்த அடி பதிவு அலுவலகத்தில் விழுகிறது. வாகன உரிமைப் பத்திரம் பெறப் பெரும்பாலான மாநிலங்கள் கேட்பது தயாரிப்பாளர் தரும் மூலச் சான்றிதழ். விற்பனைப் பில்லும் கப்பல் ரசீதும் அதற்கு ஈடாகா. தொடர்ந்து ட்ரெய்லர் விற்பவர்களிடம் பல மாநிலங்கள் டீலர் உரிமமும் எதிர்பார்க்கின்றன. இந்தச் சங்கடங்களைத் தவிர்க்க ‘சாலையில் ஓட்டாத பயன்பாட்டுக்கு’ என்றோ ‘சமையல் உபகரணம்’ என்றோ காகிதத்தில் எழுதிக் கொண்டுவருவோர் இருக்கிறார்கள். அது சுங்கத்தை ஒருமுறை கடக்க உதவலாம். பிறகு அந்த வண்டியை வாங்கிய மனிதர், பதிவெண் கிடைக்காமல், காப்பீடு கிடைக்காமல், வீட்டு வாசலில் அதை நிறுத்தி வைத்திருப்பார். பொய்யை எழுதியவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர் என்பதுதான் இதில் மிகக் கொடுமையானது.

எல்லாம் சரியாக இருந்தாலும் விற்க இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நியூயார்க் நகரம் 1983 முதல் நடமாடும் உணவு வண்டி அனுமதிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. அரசுக்குக் கட்டும் இரண்டாண்டுக் கட்டணம் சுமார் இருநூறு டாலர். அதையே கறுப்புச் சந்தையில் வாடகைக்கு எடுக்க இருபதாயிரம் டாலர் வரை போனது. 2021இல் இயற்றிய சட்டம் ஆண்டுக்கு 445 புதிய உரிமங்களைப் பத்தாண்டுக்கு வழங்கவும், உரிமம் பெற்றவர் வண்டியருகே நேரில் இருக்கவும் வழிசெய்தது. வாடகை வியாபாரத்தை ஒழிக்க அந்த நிபந்தனை அவசியமாக இருந்தது. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த திருக்குமாரின் ‘என்.ஒய். தோசாஸ்’ வண்டி, 2007இல் நகரின் தெருவோர உணவுக்கான வெண்டி விருதை வென்றது. அந்நகர விதிப்படி தள்ளுவண்டி 10 அடி நீளம், 5 அடி அகலத்தை மீறக் கூடாது. சுகாதாரத் துறையின் ஆய்வில் தேறி வில்லை ஒட்டிய பின்பே தெருவுக்கு வர முடியும். தட்டில் விழும் மொறுமொறுப்பான தோசைக்குப் பின்னால் இத்தனை கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

கதவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சில மாநிலங்கள் முன்வந்திருக்கின்றன. புளோரிடா 2020இல் உணவு வண்டிக்கு நகரங்கள் தனித்தனி உரிமம் கேட்பதைத் தடுத்து, மாநில உரிமமே போதும் என்றாக்கியது. டெக்சாஸ் 2025இல் அதே திசையில் சட்டம் இயற்றியது. 2026 ஜூலை முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே உரிமம் என்பது அதன் சாரம். ஒரே தொட்டி அளவு, ஒரே ஆய்வு என்றானால் வெளிநாட்டுத் தொழிற்கூடத்துக்கும் எதைக் கட்டுவதென்று தெளிவு கிடைக்கும். இது நல்ல மாற்றம், மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டியது.

ஆனால் இந்தச் சீர்திருத்தங்கள் தொடுவது சமையலறையை மட்டும்தான். வாகனப் பாதியில் 1966இன் ஏற்பாடு அப்படியே இருக்கிறது: செய்தவர் எழுதிக்கொடுக்க, வாங்கியவர் நம்ப வேண்டும். விற்பனை நடப்பதோ கண்டம் தாண்டிய இணையச் சந்தையில். விளம்பரத்தோடு அடையாள எண்ணையும் தகட்டின் படத்தையும் அமெரிக்க முகவரின் பெயரையும் காட்டாத வண்டியைப் பட்டியலிடக் கூடாது என்று அந்தச் சந்தைகளுக்கு ஒரு கட்டாயம் வந்தால், மோசடியில் பெரும்பகுதி முன்பணத்துக்கு முன்பே நின்றுவிடும். அதற்குப் புதிய தரம் எதையும் வகுக்க வேண்டியதில்லை. கேட்கப்படும் மூன்று விவரங்களும் ஏற்கெனவே சட்டம் தயாரிப்பாளரிடம் கோருபவைதான்.